பழத்துக்காகக் கழுவிய கை

ஊருக்கெல்லாம் முகக்கவசம் வந்த வருஷம்
நாங்கள் பதினோரு பேர் சிரித்தோம்.
சந்தூர்ச் சாலை மாங்கூழ் ஆலையில்
ஏழு கோடையாய் அதைக் கட்டிக்கொண்டுதான்
பெங்களூரா பழத்துக்குக் காம்பு நறுக்குகிறோம்.

வளையல் கூடாது. நகம் கூடாது.
தலைமுடி ஒன்று டின்னில் விழுந்தால்
கப்பலேறிய சரக்கு திரும்பி வரும் என்பார்
சூப்பர்வைசர் குப்புராஜ்.
குழாயைக் கை தொடாது, முழங்கால்தான் தள்ளும்.
வாசலில் குளோரின் தொட்டி,
அதில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.
எதுவும் எங்களுக்காக இல்லை.
பழத்துக்காக.

ஒருநாள் லேப் பெண் என் விரலைப் பஞ்சால் துடைத்து
ஒரு தட்டில் தேய்த்து மூடி வைத்தாள்.
மூன்றாம் நாள் காட்டினாள்.
இன்னும் இழுக்காத கோலத்தின் புள்ளிகள்,
வெள்ளை வெள்ளையாய்.
"இது சோப்புக்கு முன்னால்."
பின்னால் எடுத்த தட்டில் மூன்றே மூன்று.
அன்றிலிருந்து என் கையை நான்
கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல்தான்
பார்க்கிறேன்.

ஒலிபெருக்கி ஆட்டோ தெருத் தெருவாய்ச் சொன்னது
இருபது விநாடி, இருபது விநாடி.
எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணி
எட்டு நாளைக்கு ஒருமுறை
விடியக்காலம் மூணு மணிக்கு, நூல் மாதிரி.
ஒரு தடவைக்கு ஒரு சொம்பு,
ஐந்து பேர், ஆறு தடவை:
கணக்குப் போட்டதுமே குடம் காலி.
பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு
வேப்பங்கிளையில் கட்டினேன்.
மூடியைத் தளர்த்தினால் சொட்டும்,
இறுக்கினால் நிற்கும்.
கழுவிய தண்ணி கீழே கத்தரிச் செடிக்கு.
கால் சொம்பில் முடிந்தது கை.

அது முதல் வருஷம்.
இரண்டாம் வருஷக் கோடையில்
பெல்ட்டில் என் எதிர்ப்பக்கம் கெம்பம்மா.
மிஷின் இரைச்சலுக்கு நடுவே, கவசத்துக்குள்,
அவள் ஒரு இருமலை விழுங்குவதைப் பார்த்தேன்.
அது கண்ணில் வந்து நின்றது.

கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டுகிறானே வாட்ச்மேன்,
எப்படித் தாண்டினாய்?
முக்காட்டை நனைத்துச் சுற்றிவந்து
கேட்டருகே எடுத்தாளாம்.
"நானூத்தி இருபது ரூபா" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
என் நாள்கூலியும் அதுதான்.

சொன்னால் பதிவேட்டில் அவள் பேர் போகும்.
சொல்லாவிட்டால் பெல்ட் முழுக்கப் போகும்.
டீ நேரத்தில் தள்ளித் தள்ளி நின்றோம்,
புளியமர நிழல் பாதிப் பேருக்குத்தான் எட்டியது.
தில்ஷாத்தான் ஆரம்பித்தாள்:
"ஆளுக்கு நாற்பத்திரண்டு. பதினாலு நாள்.
அவ வீட்டுல கிடக்கட்டும்."
நாற்பத்திரண்டு என்றால் ஒரு லிட்டர் பால்.
சாலம்மா மட்டும் முடியாது என்றாள்,
அவளுக்குச் சீட்டு பாக்கி.
திட்டினோம். பிறகு அவரவர் பாக்கி ஞாபகம் வந்து
நிறுத்தினோம்.
ஒன்பது பேர், நாற்பத்தேழு.

வேறு யாருக்கும் வரவில்லை என்று
எழுதத்தான் ஆசை.
இரண்டு பேருக்கு வந்தது. ஒருத்தி நான்.
ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை,
வீட்டிலேயே தனியாய் இரு என்றார்கள்.
தட்டிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் பிள்ளைகளின் சண்டை.
ஏழு பேர் காசு மூன்று பேருக்கு எட்டவில்லை.
ஆறாம் நாளோடு நின்றது.
நான் யாரையும் கேட்கவில்லை.

வாசனை போயிருந்தது.
பர்கூர்க் காற்றில் பழுத்த மாம்பழம் இருக்கும்,
எனக்கு அது வெறும் காற்று.
ஒரு விடியலில் நாய் குரைத்தது.
எழுந்து பார்த்தால், வாசலில்
மூடிய குடம், நிறைய.
தெருமுனையில் சாலம்மாவின் முதுகு.
அவள் வீட்டுக் குழாயிலும் நூல்தான் வரும்.

பாட்டிலை நிரப்பி மூடியைத் தளர்த்தினேன்.
பத்தொன்பது, இருபது,
இருபத்தொன்று.